சங்கத்துப் படத்தில் விழுந்த பல்செட்

பல்லக்கா வீட்டில் குளியலறை ஒன்றுதான். அதை அவளும் அவள் கணவரும் மாமனாரும் பங்கு போட்டு, பெரிய சண்டை சச்சரவில்லாமல் பல வருடம் ஓட்டிவிட்டார்கள். நான்காவது பங்காளியாக ஒரு பழைய கேமரா வந்து சேர்ந்த பிறகுதான் வீடு இரண்டுபட்டது.

பல்செட் செய்வது அவள் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் ஈறு பிடித்து, பல்லைப் பல்லாக அடுக்கி, யாரோ ஒருவருடைய சிரிப்பைச் சின்ன டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். அதனால் தெருவே அவளைப் பல்லக்கா என்றது. அவள் கைப்பையோடு மாடிப்படி இறங்கும்போதெல்லாம் கணவர், "பல்லக்கு கிளம்பிடுச்சு, வழி விடுங்க" என்பார். அவர் டிரைவிங் பள்ளி நடத்துபவர். ஊரார் அவரை மாஸ்டர் என்பார்கள். புதிதாக ஓட்டக் கற்பவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டில் யாராவது கொஞ்சம் வேகமாக நடந்தாலே அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

மாமனாருக்குப் பட்டப்பெயர் மைக். ரயில் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர்தான், குரல் இல்லை. சட்னி காரம் என்பதைக் கூட மூன்று நடைமேடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

கேமராவைப் பல்லக்கா ஒரு பழைய பொருள் கடையில் பார்த்தாள். முழுக்க இரும்பு. செங்கல் கனம். பேட்டரி கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும்; அப்போது 'கறுக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தில்தான் அவள் விழுந்தாள். நாள் முழுக்கப் பொடிப் பொடியான சாமான்களைத் திருகியும் தேய்த்தும் பழகிய விரல்களுக்கு அந்தக் 'கறுக்' அவ்வளவு பிடித்துப்போயிற்று. ஃபிலிம் வாங்கிப் போட்டாள். வெளியே கொடுத்துக் கழுவ மனம் வரவில்லை. மெழுகும் அமிலமும் கையாளத் தெரிந்தவளுக்கு டெவலப்பர் என்கிற கழுவும் மருந்தைக் கலக்கத் தெரியாதா என்று தானே இறங்கிவிட்டாள்.

ஒரு மாதத்தில் குளியலறை இருட்டறை ஆயிற்று. ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை. துணி துவைக்கும் மெஷின் மேல் என்லார்ஜர் என்கிற, படத்தைப் பெரிதாக்கும் விளக்குக் கம்பம். குளியல் தொட்டியின் குறுக்கே ஒரு பலகை, அதன்மேல் மூன்று ட்ரே. பல்ப் சிவப்பு. கதவில் ஒரு அட்டை தொங்கும்: 'உள்ளே வேலை நடக்கிறது. திறந்தால் கொலை.'

இதில் அதிகம் பாதிக்கப்பட்டவர் மைக். அவர் வயதில் குளியலறை என்பது நினைத்தபோது திறந்திருக்க வேண்டிய இடம். இரண்டு முறை கதவைத் தட்டினார். மூன்றாம் முறை வாசலில் நின்று அறிவித்தார்.

"கனிவான கவனத்திற்கு. பெரியவர் ஒருத்தர் ரொம்ப நேரமா காத்துக்கிட்டிருக்கார். இனிமேலும் தாமதமானா நிர்வாகம் பொறுப்பில்லை."

மேல் வீட்டுக்காரர்கள் இறங்கிவந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். அன்றே மாமனாருக்கும் மருமகளுக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. கைகள் ட்ரேயில் இருக்கும்போது கடிகாரம் பார்க்க முடியாதது அவளுக்குப் பெரிய தொல்லை. அவர் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து நொடிகளை எண்ணிச் சொல்வார். பதிலுக்கு, அவருக்கு வேண்டும்போது ஐந்து நிமிடம் முன்னால் சொன்னால் போதும், அறை அவருடையது.

படமெடுக்கக் கற்றுக்கொள்ள எதிரே உட்கார ஆள் வேண்டுமே. முதலில் கணவரை உட்கார வைத்தாள். கிளிக் செய்யும் நொடியில் கண்ணை மூடினார், எல்லாப் படத்திலும். மாமனாரை எடுத்தால் வாய் இருக்கும் இடத்தில் பனிமூட்டம். ஒரு நொடிகூட மூடியிருக்காத வாய். கடைசியில் தன் பட்டறையிலேயே ஆள் கிடைத்தது. பல்செட். அசையாது, கண் சிமிட்டாது, எப்போதும் சிரித்த முகம். ஒரு மதியம், டெலிவரிக்குத் தயாராக இருந்த செட்டுகளைக் கறுப்பு வெல்வெட்டில் ஒவ்வொன்றாக வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், பத்துப் படம் பிடிக்கும் சின்னச் சுருள் ஒன்றை முழுக்க எடுத்துத் தள்ளினாள்.

எடுத்து முடித்த சுருளை அவள் முழுசாக உள்ளே சுற்றிவிட மாட்டாள். நுனியை வெளியே விட்டுவைப்பாள்; இருட்டில் கழுவ எடுக்கும்போது கைக்கு அகப்படும். ஆனால் புதுச் சுருளுக்கும் நுனி வெளியேதான் நீட்டிக்கொண்டிருக்கும். குழப்பம் வராமலிருக்க, எடுத்து முடித்ததன் நுனியை மட்டும் ஒரு மடிப்பு மடித்துவைப்பது அவள் வழக்கம். அப்படியே மடித்து, சுருளை வீட்டு மேஜையில் வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் சங்கத்துப் படம் வந்தது.

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் சங்கத்தில் மொத்தம் இருபத்து மூன்று பேர். மைக்கும் அதில் ஒருவர். கூடத்துச் சுவரில் மாட்ட ஒரு குழுப் படம் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சொல்லிவைத்திருந்த படக்காரர் கடைசி நேரத்தில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டார். மைக் எழுந்து, யாரையும் கேட்காமல் அறிவித்துவிட்டார்.

"எங்க மருமக எடுப்பா. பழைய ஃபிலிம் கேமரா. நூறு வருஷம் நிக்கும் படம். வர்ற ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை திறப்பு விழா."

சங்கத் தலைவர் முன்னாள் ஸ்டேஷன் மாஸ்டர். கஞ்சி போட்ட சட்டை போலவே கஞ்சி போட்ட மனிதர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. படமெடுக்கும் அன்று காலை எல்லாரையும் படிக்கட்டில் உயரவாரியாக நிறுத்திவிட்டு, தான் முன்வரிசை நடுநாற்காலியில் அமர்ந்து சொன்னார்:

"ஒருத்தரும் பல்லைக் காட்டக் கூடாது. இது சங்கம். சர்க்கஸ் இல்ல."

இருபத்து மூன்று வாயும் மூடிக்கொண்டன. பல்லக்கா பத்துப் படம் எடுத்தாள். கூட்டத்தை ஒழுங்குபடுத்தி, வெளிச்சம் பார்த்து, 'கறுக்' 'கறுக்' என்று தள்ளும்போது, பல்லைப் பார்த்தே பிழைப்பு நடத்தும் தனக்கு ஒரு பல்கூடத் தெரியாத படம் வாய்த்ததே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கணவர் வகுப்புக்குப் போனதும் சுருளைக் கழுவினாள். ஈரத்தோடு நெகட்டிவைத் துணிக்கொடியில் மாட்டி, வெளிச்சத்தில் பார்த்தாள். ஒவ்வொரு படத்திலும் பிறை வடிவில் ஒரு கறுப்புத் திட்டு. கேமராவில் எங்கோ ஓட்டை விழுந்து வெளிச்சம் புகுந்துவிட்டது என்று நினைத்தாள். காய்ந்ததும் நல்லதாக ஒன்றை என்லார்ஜரில் செருகி, காகிதத்தில் வெளிச்சம் காட்டி, டெவலப்பரில் போட்டாள்.

"பத்து," என்றது வெளியே குரல். "பதினைந்து. இருபது."

சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதம் மெல்ல அழுக்கானது. முதலில் கறுப்பு ஷூக்கள் வந்தன, நாற்பத்தாறும். பிறகு கோட்டுகள். பிறகு மீசைகள். இந்த இடத்தில் அவளுக்கு எப்போதும் மயிர்க்கூச்செறியும்; ஒன்றுமில்லாத காகிதத்திலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வருவார்கள். ஆனால் இன்று தலைவர் மடியில் மட்டும் ஓரிடம் வெள்ளையாகவே நின்றது. காகிதத்தை ஆட்டினாள். வெள்ளை போகவில்லை. அதைச் சுற்றி ஈறு வந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே கோடு விழுந்தது.

தலைவர் மடியில், சலவைக் கூடை அளவுக்கு, ஒரு பல்செட் உட்கார்ந்துகொண்டு சிரித்தது.

"ஐம்பது. என்னம்மா, வண்டி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா," என்றாள் பல்லக்கா. "கூடவே இன்னொரு வண்டியும் வந்துடுச்சு."

மற்ற ஒன்பதையும் பார்த்தாள். ஒன்றில் செயலாளர் தலையில் பல்செட் கிரீடம். ஒன்றில் பின்வரிசை நாலு பேரை அது கடித்துக்கொண்டிருந்தது. பூந்தொட்டியை மென்றது ஒன்று. பல்செட் எடுத்து முடித்த சுருளையே புதுசு என்று போட்டு, சங்கத்தை அதன்மேலேயே எடுத்திருக்கிறாள். வெல்வெட் கறுப்பாக இருந்ததால் அது ஃபிலிமில் பதியவே இல்லை. பற்கள் மட்டும் பளிச்சென்று சங்கத்தின்மேல் குடியேறிவிட்டன. இருந்ததில் அடக்க ஒடுக்கமானது மடியில் உட்கார்ந்த முதல் படம்தான்.

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சுருள் நுனியைப் பற்றிக் கேட்டாள். சட்டைக்குள்ளிருக்கும் பனியனுக்குக்கூட இஸ்திரி போடும் மனிதர் அவர்.

"மடங்கிக் கெடந்துச்சு," என்றார் மாஸ்டர். "கசங்கினா வீணாப் போயிடுமேன்னு நான்தான் நகத்தால நீவி விட்டேன். நல்லா நேரா வந்துச்சே."

அவள் அவரையே பார்த்தாள். அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

மைக் படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, தோள் குலுங்க, சத்தமே வராமல் சிரித்தார். அவர் சத்தமில்லாமல் எதையும் செய்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சிரிக்காதீங்க மாமா. ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றது?"

"ஃபிலிம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாம்."

"பொய் சொல்லவா சொல்றீங்க?"

"முப்பத்திரண்டு வருஷம் 'இன்னும் சற்று நேரத்தில்'னு சொன்னவன்மா நான். இதெல்லாம் பொய்யிலயே சேர்த்தி இல்ல."

அவள் படத்தைத் திரும்ப வாங்கி உற்றுப் பார்த்தாள். அப்போதுதான் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. மேல்வரிசையில் கோரைப்பல் ஒன்று ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. அவள் எந்தச் செட்டிலும் பல்லைச் சாய்த்து வைப்பதில்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. இரண்டு மாதம் முன்பு தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் பட்டறைக்கு நேரில் வந்து, "செட்டுன்னு யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. ஒண்ணைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க. இது நமக்குள்ளேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். தலைவர்தான். தன்னுடைய பல்லைத்தான் அவர் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு நாள் ஓட்டினாள்.

மூன்றாம் நாள் முற்பகல் தலைவரே வீடு தேடி வந்துவிட்டார். படம் பார்க்க வேண்டுமாம். எப்படிக் கழுவுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டுமாம். ஸ்டேஷனைச் சோதனையிட வந்த மேலதிகாரிபோல வாசலில் நின்றவரை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது? கண்ணாலேயே பார்த்துவிட்டுத் திட்டட்டும் என்று அவள் துணிந்து குளியலறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

உள்ளே உட்கார ஒரே இடம், மூடி போட்ட கழிப்பறைப் பீடம். தலைவர் அதன்மேல் கைக்குட்டையை விரித்து, கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிற தோரணையில் அமர்ந்தார். மைக் வாளிக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்றார். கதவைச் சாத்திச் சிவப்பு பல்பைப் போட்டாள். மூன்று பேரும் தக்காளி நிறத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காகிதம் டெவலப்பருக்குள் இறங்கியது.

"பத்து," என்றார் மைக், பக்கத்திலேயே. தலைவர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஷூக்கள் வந்ததும் தலைவர் காதிலிருந்து கையை எடுத்தார். கோட்டுகள் வந்ததும் முன்னால் குனிந்தார். "அட," என்றார், "நம்ம பொருளாளர் வர்றாரு. செயலாளர் வந்துட்டாரு. நான்... நான் வர்றேன்." குரலில் இருந்த கஞ்சி கரைந்திருந்தது. மடியில் பல்செட் வந்து சேர்ந்தபோது, குனிந்து தன் மடியை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பல்லக்கா நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னாள். மடிப்பு, நீவல், ஒரே சுருளில் இரண்டு தடவை எடுத்தது. "உங்க எல்லாரையும் மறுபடி நிக்க வெச்சு எடுத்துத் தர்றேங்க."

"இருபத்து மூணு பேரையும் மறுபடி நிக்க வைக்கறதா? ஒரு தடவைக்கே எனக்குப் பிரஷர் ஏறிடுச்சு." தலைவர் ட்ரேக்குள் மூக்கு நனைகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். சாய்ந்த கோரைப்பல்லைக் கண்டுகொண்டார் என்பது அவர் கழுத்து விறைத்ததில் தெரிந்தது. "இது யாரோட பல்லுன்னு..."

"சொல்ல மாட்டேங்க. யாரு கேட்டாலும்."

அவர் தலையசைத்தார். மைக்குக்குக் கேட்காத குரலில், "வேலைப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு இன்னும் தணிந்து, "இதையே கொஞ்சம் பெரிசாப் போட முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கூடத்தில் திரை விலகியது. ஜன்னல் அளவுப் படம். பின்வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் விட்டார். அதன்பின் யாராலும் யாரையும் அடக்க முடியவில்லை. பொருளாளர் தரையில் உட்கார்ந்துவிட்டார். சுவரோரம் நின்றிருந்த பல்லக்காவுக்கு உடம்பு கூசியது. ஆனால் திட்டுகிற முகம் ஒன்றுகூட இல்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் வேறொன்று ஆரம்பித்தது. முன்னாள் சிக்னல்காரர் எழுந்து, படத்தின் பக்கத்தில் போய் நின்றார்.

"மறைக்கறதுக்கு என்ன இருக்கு? இது என் பல்லுதான். பல்லக்காதான் பண்ணிக் குடுத்தாங்க."

"உங்களுக்கு இவ்ளோ அகலமாவா இருக்கு?" என்றார் முன்னாள் டிக்கெட் பரிசோதகர். "இது என்னுது. வரிசையைப் பாருங்க."

"உங்க வரிசைய நாங்க பார்த்ததில்லையா?"

மூன்றாவதாக இன்ஜின் டிரைவரும் உரிமை கொண்டாடினார். அவருக்கு எல்லாமே சொந்தப் பல் என்பது ஊருக்கே தெரியும், இருந்தாலும் கேட்டார். எல்லாரும் பல்லக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு, மேலே மின்விசிறியைப் பார்த்தாள். வாதம் வளர்ந்தது. சிக்னல்காரர், படத்துக்குக் கீழே தன் பெயரை எழுத வேண்டும் என்று தீர்மானமே கொண்டுவந்துவிட்டார். ஆறு கைகள் தூக்கப்பட்டன.

தலைவர் முகம் சிவந்துகொண்டே வந்ததை அவள் மட்டும் கவனித்தாள். வேண்டாம், பேசாமலிருங்கள் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் பார்க்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். படத்தின் முன்னால் போய் நின்று, கூட்டத்தை ஒருமுறை முறைத்துவிட்டு, வாய்க்குள் விரலை விட்டு மேல்செட்டைக் கழற்றிப் படத்தோடு ஒட்டவைத்துக் காட்டினார். சாய்ந்த கோரைப்பல்லுக்கு நேராகச் சாய்ந்த கோரைப்பல்.

"எந்து," என்றார்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் மாட்டிக்கொண்டு, திருத்தமாகச் சொன்னார்:

"என்னுது. தீர்மானம் தள்ளுபடி."

கூடத்தில் எழுந்த கைதட்டலுக்கு மின்விசிறி ஆடியது. தலைவர் அதை ஏற்றுக்கொள்ளும் விதமாக, சங்கம் தொடங்கிய நாளிலிருந்து முதன்முறையாக, அத்தனை பல்லும் தெரியச் சிரித்தார். அவள் செய்த வேலைப்பாடு அது. கறுப்பு வெல்வெட்டில் எத்தனை கோணத்தில் எடுத்தாலும் இப்படி வராது என்று அவளுக்குத் தோன்றியது. அவளும் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

இவ்வளவு ஆன பிறகும் தொழில்காரிக்கு மனம் ஆறவில்லை. தவறான படம் சுவரில் தொங்குகிறதே. எல்லாரும் கூடியிருக்கும்போதே, புதுச் சுருளை அவர்கள் கண்ணெதிரில் பிரித்துப் போட்டு, அதே படிக்கட்டில் இன்னொரு படம் எடுத்தாள். மறுவாரம் கழுவினாள். ஒரு குறையும் இல்லை. இருபத்து மூன்று பேருக்கும் கண் திறந்திருந்தது, மீசை முடி ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் இருந்தது. பெரிதாகப் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். செயலாளர் மிகவும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது அது அலமாரிக்குள், பழைய ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்தது. சுவரில் பல்செட்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வருத்தப்பட நேரமில்லை. சிக்னல்காரருக்குத் தன் செட்டோடு தனிப் படம் வேண்டுமாம், பெரிதாக. டிக்கெட் பரிசோதகருக்கு அதைவிட ஒரு விரற்கடை பெரிதாக. இன்ஜின் டிரைவர், பல்செட் இல்லாதவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டு, மூக்குக்கண்ணாடியோடு வந்து நிற்கிறார். தலைவர் புதன்கிழமை தவறாமல் வருகிறார், ஆட்கள் காகிதத்திலிருந்து எழுந்து வருவதைப் பார்க்க. ட்ரேயை ஆட்டும் வேலையைக் கெஞ்சி வாங்கிக்கொண்டிருக்கிறார். குளிக்கக் கணவர் இப்போது டிரைவிங் பள்ளிக்கே சோப்போடு போய்விடுகிறார்.